ஒரே கீர்த்தனை, பல குரல்கள்: ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பாடகன் இல்லை. கேசட் காலத்திலிருந்து கர்நாடக சங்கீதப் பதிவுகளைச் சேர்த்து வைத்து, ஒரே கீர்த்தனையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் தெரிந்தவர்கள் கச்சேரி இடைவேளையிலும் கல்யாண வீட்டிலும் பிடித்து நிறுத்திக் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். என் விருப்பு வெறுப்பும் உள்ளே கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பாட்டை நாலு பேர் பாடிக் கேட்கிறதுல அப்படி என்ன இருக்கு? பாட்டு ஒண்ணுதானே?

பாட்டு ஒன்றுதான் என்பது பாதி உண்மை. சாகித்யம் (பாட்டின் சொற்கள்), ராகம், தாளம், மெட்டின் அமைப்பு ஆகியவை வாக்கேயக்காரர், அதாவது பாட்டை இயற்றியவர், தந்தவை. அந்த மெட்டில் எந்த இடத்தில் எவ்வளவு அசைவு, எங்கே நிறுத்தம், எத்தனை சங்கதி (ஒரே வரியை மெட்டில் சற்றே மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) என்பதெல்லாம் வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து வாய்க்கு என்று கடந்து வந்தவை. தியாகராஜர் 1847-ல் காலமானார். அவர் பாடியது எந்த இசைத்தட்டிலும் இல்லை.

ஒரு வரிசையைப் பாருங்கள். தியாகராஜரின் சீடர் மானம்புச்சாவடி வெங்கடசுப்பய்யர். அவருடைய சீடர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவரிடம் கற்றவர் 'பூச்சி' ஸ்ரீநிவாச ஐயங்கார். அவரிடம் கற்றவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அரியக்குடியிடம் கற்றவர் கே.வி.நாராயணசுவாமி. தியாகராஜருக்கும் நம் காதுக்கும் நடுவில் இந்த ஒரு வரிசையிலேயே ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், கொஞ்சம் உதிர்ந்திருக்கும். வேறொரு வரிசை வழியாக வந்தவர் அதே பாட்டைப் பாடும்போது ஒட்டியதும் உதிர்ந்ததும் வேறாக இருக்கும்.

சரி, எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம்?

வாய்க்குள் முணுமுணுக்க வரும் பாட்டில். தமிழ்ப் பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது, அர்த்தம் புரியாத தடை இருக்காது. கோபாலகிருஷ்ண பாரதியின் 'எப்போ வருவாரோ' நல்ல தொடக்கம். மதுரை மணி ஐயர் பாடியதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். இன்னும் இரண்டு பேர் பாடியதைத் தேடி எடுங்கள். மொத்தம் மூன்று போதும். பத்துப் பதிவுகளை ஒரே மாலையில் கேட்டால் பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். எனக்கு அப்படி ஒருமுறை வந்திருக்கிறது.

அடுத்தபடியாகத் தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளில் ஒன்றை எடுக்கலாம். 'எந்தரோ மஹானுபாவுலு' என்று வைத்துக்கொள்வோம். அதில் ஸ்வரமும் சாகித்யமும் கட்டிவைத்தவை, நிரவலோ (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது) கல்பனாஸ்வரமோ (அந்தக் கணத்தில் கட்டிப் பாடும் ஸ்வரங்கள்) பாடுவது வழக்கமில்லை. பாடகர் தன் கற்பனையால் தப்பித்துக்கொள்ள வழி கிடையாது. மிஞ்சுவது குரல், வேகம், கமகம் (ஸ்வரத்துக்குக் கொடுக்கும் அசைவு), உச்சரிப்பு மட்டும்தான். ஒப்பிடக் கற்பதற்கு இதைவிட வசதி வேறில்லை.

எனக்கு ஸ்வரம் தெரியாது, ராகம் கண்டுபிடிக்கவும் வராது. நான் ஒப்பிடலாமா?

தாராளமாக. சமையல் தெரியாதவருக்கும் இரண்டு வீட்டு ரசத்துக்கு வித்தியாசம் தெரிகிறதே.

முழுப் பாட்டையும் கேட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்கு. வித்தியாசம் பிடிபடவே மாட்டேங்குது.

முழுப் பாட்டையும் ஒப்பிடுவதால்தான் இந்தச் சங்கடம். ஒரே ஒரு வரியைப் பிடியுங்கள். மூன்று பதிவுகளிலும் அந்த வரி வரும் நிமிடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அந்த அரை நிமிடத்தை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நான் யாருக்கும் முதலில் சொல்லும் யோசனை இதுதான், கடைசியில் சொல்வதும் இதுதான்.

ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் 'ஸ்ரீ சுப்ரஹ்மண்யாய நமஸ்தே', காம்போஜி ராகம். பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவியில் 'வாசவாதி சகல தேவ வந்திதாய' என்று ஒரு வரி வரும். நிரவலுக்குப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். வாசவன் என்றால் இந்திரன். வாசவன் முதலான எல்லாத் தேவர்களாலும் வணங்கப்படுகிறவனுக்கு என்று பொருள். முதலில், பாடகர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கவனியுங்கள். 'வாசவாதி' என்று முழுதாகச் சொல்லிவிட்டு நின்றால் இந்திரன் பத்திரமாக இருப்பான். 'வாச' என்று நிறுத்தி 'வாதி' என்று தொடங்கினால் கோர்ட்டில் வழக்குப் போட்டவர் வந்து நிற்பார். இரண்டாவது, 'தேவ' என்ற சொல்லின் நெடிலில் எவ்வளவு நேரம் கார்வை கொடுக்கிறார், அதாவது நீட்டி நிற்கிறார், அந்தக் கார்வை நேராக நிற்கிறதா, அசைந்துகொண்டே நிற்கிறதா. மூன்றாவது, திரும்பத் திரும்பப் பாடும்போது சொற்கள் தாளத்தில் விழும் இடம் மாறாமல் இருக்கிறதா. நிரவலில் ஸ்வரக் கோவை எப்படி வேண்டுமானாலும் மாறலாம். சொற்கள் கிட்டத்தட்ட அதே இடங்களில் உட்கார வேண்டும் என்பது மரபு.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரைக் கேட்டீர்கள் என்றால், 'எல்லாமே நல்லாத்தான் இருக்கு' என்று மறுபடி சொல்ல வாய் வராது.

வேகத்தை எப்படி ஒப்பிடறது? ஒருத்தர் 6 நிமிஷம், இன்னொருத்தர் 11 நிமிஷம் பாடியிருக்கார். 6 நிமிஷக்காரர்தானே வேகம்?

அப்படிச் சொல்ல முடியாது. 11 நிமிடத்தில் ஐந்து நிமிடம் நிரவலும் ஸ்வரமுமாக இருக்கலாம். காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டு நடக்கும் வேகத்தை, அளக்க வேண்டுமானால் தாளம் போட்டுத்தான் அளக்க வேண்டும். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை சேர்ந்தது ஓர் ஆவர்த்தனம். தொடர்ந்து 10 ஆவர்த்தனங்களுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். ஒருவருக்கு 60 வினாடி, மற்றவருக்கு 80 என்றால் அது பெரிய வித்தியாசம், பாட்டின் குணமே மாறிப்போகும். பாட்டின் தொடக்கத்தில் ஒருமுறை, சரணத்தில் ஒருமுறை என்று அளந்தால் இன்னொன்றும் தெரியவரும்: யார் வேகம் பிடித்துக்கொண்டே போகிறார்கள் என்பது. பெரிய வித்வான்களும் இதில் மாட்டுவார்கள்.

தீட்சிதர் கிருதிகளில் ஒரு தனிச் சோதனை உண்டு. பல கிருதிகளில் மெதுவாக நடந்து வரும் சாகித்யம் முடிவில் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். அதற்கு மத்தியமகால சாகித்யம் என்று பெயர். ஆரம்பத்திலேயே அவசரப்பட்டவர் அங்கே வந்ததும் சொற்களை விழுங்குவார். கீழ்வேளூர் ஈசன் மேல் உள்ள 'அக்ஷயலிங்க விபோ'வின் அனுபல்லவியில் 'க்ஷண' என்று முடியும் சொற்கள் அடுக்கடுக்காக வரும். அந்த அடுக்கில் ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் காதில் விழுந்தால், பாடுகிறவர் முதல் வரியிலேயே கணக்குப் பண்ணித்தான் புறப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். டி.கே.பட்டம்மாளின் தீட்சிதர் கிருதிகளை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

எம்.டி.ராமநாதன் ரொம்ப இழுக்கிறார். தூக்கம் வருது. எல்லாரும் ஏன் கொண்டாடறாங்க?

வேறொருவருடைய வேகத்தைக் காதில் வைத்துக்கொண்டு அவரைக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். மிகத் தாழ்ந்த சுருதி, மிகவும் விளம்பமான, அதாவது மெதுவான, நடை, சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு யோசிப்பது போன்ற மௌனம். டைகர் வரதாச்சாரியாரின் சீடர். அவரை மற்றவர்களுக்கு நடுவில் செருகிக் கேட்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அவரை மட்டும் கேளுங்கள். மறுநாள் மற்றவர்களைப் போட்டால் அவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடுவது போலத் தெரியும். பிடிக்காமல் போனால் பிடிக்கவில்லைதான், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எனக்கே இரண்டு வருடம் ஆயிற்று.

பாடாந்தரம், பாடாந்தரம்னு சொல்றாங்களே, அது என்ன?

முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன குரு வரிசையோடு சேர்ந்து வரும் பாட்டின் வடிவம்தான் பாடாந்தரம். தியாகராஜரின் சீடர் பரம்பரைகளையே வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். வீணை தனம்மாள் வீட்டுப் பாடாந்தரம் என்று ஒன்று உண்டு. அவருடைய பேத்திகள் பிருந்தா, முக்தா பாடிய பதங்களை (நிதானமாகப் பாடும் ஒரு பாட்டு வகை) கேட்டால் அவசரம் என்ற சொல்லே அந்த வீட்டில் இருந்ததில்லை போலிருக்கிறது என்று தோன்றும்.

ஒப்பிடும்போது இதில் ஒரு லாபம் உண்டு. ஒரே குருவிடம் கற்ற இரண்டு பேரின் பதிவுகளை எடுத்தால் அவர்களுக்குள் பொதுவாக இருப்பது பாடாந்தரம், வேறுபடுவது அவரவர் சொத்து. வேறு வேறு பரம்பரைக்காரர்களை மட்டுமே ஒப்பிட்டால் எது குருவினுடையது, எது பாடகருடையது என்று பிரிக்கவே முடியாது.

'வாதாபி கணபதிம்'ல ஒருத்தர் பல்லவியிலேயே சங்கதி மேல சங்கதியாப் போடறார், இன்னொருத்தர் நாலோட விட்டுட்டார். யார் சரி?

இரண்டு பேரும். அந்தப் பாட்டைச் செய்தவர் முத்துசுவாமி தீட்சிதர். இன்று நாம் கேட்கும் சங்கதிகளில் பெரும்பகுதி அவருக்குப் பின் வந்த மகா வைத்தியநாத ஐயர் சேர்த்தவை என்றுதான் சங்கீதக்காரர்கள் சொல்லி வருகிறார்கள். அதனால் குறைத்துப் பாடுகிறவரைக் குறை சொல்ல இடமில்லை.

எண்ணிக்கையை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள். நல்ல சங்கதி வரிசை கோயில் படி மாதிரி இருக்கும், முந்தைய படியில் நின்றுகொண்டுதான் அடுத்ததில் கால் வைக்க முடியும். நடுவில் ஒரு சங்கதியை எடுத்துவிட்டால் பள்ளம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது அலங்காரத்துக்குப் போட்டது.

'நகுமோமு' ஒருத்தர் பாடினதுல ஒரு ஸ்வரம் வேற மாதிரி கேட்குது. தப்பாப் பாடறாரா?

நல்ல காது உங்களுக்கு. அந்த ஸ்வரம் தைவதம், ஸரிகமபதநியில் வரும் 'த'. பாட்டின் ராகம் ஆபேரி. இன்று நாம் ஆபேரி என்று கேட்டுப் பழகியது சதுச்ருதி தைவதத்தோடு, அதாவது சற்று உயர்ந்த 'த'வோடு, வருவது. பழைய லட்சணப்படி (ராக இலக்கணப்படி) ஆபேரிக்குத் தாழ்ந்த 'த'வான சுத்த தைவதம். அதோடு பாடுகிறவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். முசிறி சுப்பிரமணிய ஐயரின் தட்டு ஊரெல்லாம் பரவிய பிறகு, பின்னால் பாலமுரளிகிருஷ்ணாவும் பாடிப் பாடி, இன்றைய வடிவம் நிலைத்துவிட்டது. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்குப் பழையது பிசகாகத் தெரிகிறது.

இந்த மாதிரி இடத்தில் இரண்டு பதிவுகளையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். சுத்த தைவதக்காரரைச் சுத்த தைவதக்காரரோடுதான் ஒப்பிட வேண்டும். முசிறியையும் பாலமுரளியையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம், அது நியாயமான ஒப்பீடு. ஒருவர் உருக்கத்தில் நிற்பார், மற்றவர் குரலின் சுதந்திரத்தில் பறப்பார்.

அப்போ புத்தகத்துல நொட்டேஷனோட இருக்கே, அதைப் பார்த்து யார் சரின்னு முடிவு பண்ணிடலாமே?

தீட்சிதர் கிருதிகளுக்கு நாம் எல்லோரும் புரட்டும் பெரிய ஆதாரம், அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. கமகங்களுக்கு அடையாளக் குறிகள்கூடப் போட்டு எழுதிய நூல் அது. ஆனால் தீட்சிதர் மறைந்தது 1835-ல். இடையில் 69 வருடம். நூலில் இருப்பது ஒரு குடும்பத்து வடிவம், மதிப்பு மிக்க வடிவம். மேடையில் பாடப்படுவதற்கும் அதற்கும் பல இடங்களில் தூரம் இருக்கும்.

நான் புத்தகத்தைத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாக வைப்பதில்லை, இன்னொரு பாடகராக வைத்துக்கொள்கிறேன். மூன்று பதிவுகளோடு நாலாவதாக அதுவும் ஒரு சாட்சி.

கிராமபோன் தட்டுல பெரிய வித்வான்கள்கூட மூணு நிமிஷத்துல முடிச்சுட்டாங்களே. அவ்வளவுதான் பாடுவாங்களா?

தட்டு அவ்வளவுதான் தாங்கும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், ஆசைக்கு இரண்டு வரி ஸ்வரம் என்று அடைக்க வேண்டும். பாட்டு பெரிதாக இருந்தால் பாதியில் தட்டைத் திருப்ப வேண்டும். 1948-ல் எல்.பி. என்னும் நீண்ட நேரத் தட்டு வந்த பிறகுதான் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது.

ஆகவே தட்டையும் கச்சேரிப் பதிவையும் பக்கத்தில் வைத்து, 'இவருக்குக் கற்பனை போதாது' என்று சொல்வது அநியாயம். தபால் அட்டையில் எழுதியவரை ஏன் எட்டுப் பக்கம் எழுதவில்லை என்று கேட்பது மாதிரி. அட்டையில் எழுதுவது தனிக் கலை. எதை விடலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்காக யார் எந்தச் சங்கதியைத் தியாகம் செய்தார், யார் வேகத்தைக் கூட்டிச் சமாளித்தார் என்று பாருங்கள். அது சுவாரசியமான ஒப்பீடு. தட்டில் ஜி.என்.பி.யின் (ஜி.என்.பாலசுப்பிரமணியம்) பிருகாக்களை, அந்த அதிவேக ஸ்வரச் சுழற்சிகளை, கேட்டால், அந்த அவசரமே அவருக்குச் சாதகமாகப் போய்விட்டதோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

பழைய கச்சேரி டேப்ல அவர் குரல் கீச்சுன்னு இருக்கு. சின்ன வயசுல பாடினதா?

இருக்கலாம். டேப் வேகமாக ஓடுவதாகவும் இருக்கலாம், அதற்கே வாய்ப்பு அதிகம். பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு எத்தனையோ கச்சேரிகளைப் பதிந்திருக்கிறார்கள். கச்சேரி நடுவில் பேட்டரி தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடியபடி பதிவாகும். அதைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால் எல்லாமே வேகமாகவும் உயரமாகவும் கேட்கும். அந்தத் தளர்ச்சி படிப்படியாக வருவதால், முதல் பாட்டில் ஒரு சுருதியும் மங்களத்தில் வேறொரு சுருதியுமாக இருக்கும். எந்தப் பாடகரும் கச்சேரி நடுவில் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகமாட்டார்.

கணக்கு சுலபம். பாடகரின் சுருதி உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் ஒன்றாவது கட்டை ஒன்றரைக் கட்டை ஆகிவிடும். 10 நிமிடப் பாட்டு ஏறக்குறைய 9 நிமிடம் 26 வினாடியில் முடிந்துவிடும். அதாவது சுருதியை மட்டும் அல்ல, நீங்கள் அளந்த காலப்பிரமாணத்தையும் இது கெடுக்கும். ஆகவே தாளம் போட்டு அளப்பதற்கு முன் சுருதியைப் பாருங்கள். அந்தப் பாடகர் அந்த வயதில் வழக்கமாக எந்தக் கட்டையில் பாடினார் என்பது தெரிந்தால், கணினியில் வேகத்தைச் சரி செய்துவிட்டுக் கேட்கலாம். மிருதங்கம் கஞ்சிரா மாதிரி மெல்லிசாக ஒலித்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஸ்டுடியோ பதிவு நல்லதா, கச்சேரிப் பதிவு நல்லதா?

கிருதியை மட்டும் ஒப்பிட ஸ்டுடியோ, மனோதர்மத்தை, அதாவது பாடகரின் அந்த நேரக் கற்பனையை, ஒப்பிடக் கச்சேரி. மதுரை மணி ஐயரின் ஸர்வலகு ஸ்வரங்கள் (தாளத்தின் இயல்பான ஓட்டத்திலேயே போகும் ஸ்வரங்கள்) சபையின் 'பலே'க்கு நடுவில்தான் பூக்கும்.

சத்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு பதிவுகளில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தால் அதுதான் மேலானது என்று காது நம்பிவிடும். கேட்பதற்கு முன் இரண்டின் ஒலி அளவையும் சமமாக வையுங்கள். இரைச்சல் நீக்கித் 'தெளிவாக்கிய' பதிவுகளிலும் ஜாக்கிரதை. இரைச்சலோடு சேர்த்துத் தம்புராவின் ரீங்காரத்தையும் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். குரல் அந்தரத்தில் தொங்கும்.

தெலுங்கும் சமஸ்கிருதமும் தெரியாது. உச்சரிப்பை நான் எப்படி ஒப்பிட?

அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அர்த்தம் தெரிந்துகொண்டால் போதும். 'நகுமோமு' என்றால் சிரித்த முகம், 'கனலேனி' என்றால் காண முடியாத. அடுத்து வரும் 'நா ஜாலி தெலிசி' என்பதற்கு என் துயரம் தெரிந்து என்று பொருள். தமிழ்க் காதுக்கு 'ஜாலி' வேறு மாதிரி கேட்பதால் சபையில் சிறுவர்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அர்த்தம் தெரிந்த பிறகு, யார் அந்தச் சொல்லைத் துயரமாகவே பாடுகிறார்கள், யார் நம் ஊர் ஜாலியாகப் பாடுகிறார்கள் என்பது தானாகத் தெரியும். பிரிக்கக் கூடாத இடத்தில் பிரிப்பதற்கு உதாரணம் 'வாசவாதி'யில் பார்த்தோம்.

பக்கவாத்தியத்தையும் சேர்த்து ஒப்பிடணுமா?

சேர்க்காமல் முடியாது. பாட்டுக்கு வாசிப்பது என்று ஒன்று உண்டு. சங்கதி வளைகிற இடத்தில் மிருதங்கமும் வளைந்து, கார்வையில் தானும் காத்திருந்து வாசிப்பது. பாலக்காடு மணி ஐயர் வாசித்த பதிவுகளில் கீர்த்தனையை மட்டும் கேளுங்கள், தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி) வரைக்கும் போக வேண்டாம். ஒரே பாடகர் அதே பாட்டை வேறொரு மிருதங்கத்தோடு பாடிய பதிவு கிடைத்தால், நடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து அசந்துபோவீர்கள்.

வீணையிலயோ புல்லாங்குழல்லயோ வாசிச்சதைப் பாட்டோட ஒப்பிடலாமா? சாகித்யமே இல்லையே.

வீணையில் சாகித்யம் உண்டு, மீட்டில் இருக்கிறது. சொல் தொடங்கும் இடத்தில் மீட்டுவது வைணிகர்களின் மரபு. பாட்டு தெரிந்தவருக்கு அந்த மீட்டிலேயே சொற்கள் கேட்கும். சங்கதிகளை எண்ணவும் கமகத்தைப் பார்க்கவும் வீணைப் பதிவு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அன்னமாச்சாரியார் பாட்டு ஒண்ணு, ரெண்டு பேர் பாடினது ரெண்டு வேற பாட்டு மாதிரி இருக்கே?

வேறு பாட்டாகவே இருக்கலாம். அன்னமாச்சாரியாரின் சாகித்யங்கள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. மெட்டு கிடைக்கவில்லை. இன்று கேட்பவை பெரும்பாலும் பிற்காலத்து வித்வான்கள் போட்ட மெட்டுகள். திருப்பாவைக்கும் அப்படித்தான். முப்பது பாசுரங்களுக்கும் அரியக்குடி அமைத்த மெட்டுகள் மேடையில் பரவின, வேறு மெட்டுகளும் உண்டு. இவற்றில் பாடகர்களை ஒப்பிடுவதற்கு முன், இருவரும் பாடுவது ஒரே மெட்டுதானா என்று பாருங்கள்.

முதல்ல கேட்டது மனசுல பதிஞ்சுடுது. அப்புறம் யார் பாடினாலும் அதுதான் சரின்னு தோணுது. இதுக்கு மருந்து உண்டா?

முழுசாகக் குணமாகாது. எனக்கு 'வருகலாமோ' என்றால் கே.வி.நாராயணசுவாமிதான். மாஞ்சி ராகமே அவர் வீட்டுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. வேறு யார் பாடினாலும் 'லா'வில் அவர் தரும் தயக்கத்தையே என் காது தேடுகிறது. உள்ளே வரலாமா என்று நந்தனார் கோயில் வாசலில் நிற்கும் தயக்கம் அது. செய்யக்கூடியது ஒன்றுதான்: புதிய பதிவை ஒப்பிடாமல் தனியாக மூன்று முறை, வேறு வேறு நாட்களில் கேளுங்கள். அதன் பிறகு பழையதைப் போடுங்கள்.

பெயரை மறைத்துக் கேட்பதும் உதவும். வீட்டில் யாரையாவது மூன்று பதிவுகளைக் கலைத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு பெரிய வித்வான் பெயர் எழுதிய கேசட் ஒன்றை நான் நாலு வருடம் பொக்கிஷமாக வைத்திருந்தேன். 'இந்த முதிர்ச்சி வேறு யாருக்கு வரும்' என்று வந்தவர்களிடம் எல்லாம் போட்டுக் காட்டுவேன். சங்கீதம் கற்ற பெரியம்மா ஒருநாள் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, 'இது அவர் இல்லடா, அவர் சிஷ்யன். அனுபல்லவி எடுக்கிறச்சே பார்' என்றார். அவர் சொன்னது சரி. அன்று மாலைக்குள் அந்த முதிர்ச்சி எனக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது, வெட்கத்தோடு சொல்கிறேன். இணையத்தில் சுற்றும் பதிவுகளிலும் பெயர் மாறிக் கிடப்பவை ஏராளம்.

எங்க அப்பா, அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இப்ப யார் பாடறான்னு கேட்கிறார். பதிவுகளை வச்சு இதைத் தீர்க்க முடியுமா?

கடினம். பழைய கச்சேரிகளில் யாரோ பதிந்து, யாரோ பாதுகாத்து, யாரோ பிரதி எடுத்தவைதான் நம் கைக்கு வந்திருக்கின்றன. சுமாராக அமைந்த கச்சேரியின் நாடாவை யாரும் நாற்பது வருடம் அலமாரியில் வைத்திருக்க மாட்டார்கள், மேலே சினிமாப் பாட்டைப் பதிந்திருப்பார்கள். இன்றைய கச்சேரிகளோ தொண்டை கட்டிய நாள் உட்பட மொத்தமும் இணையத்தில் கிடக்கின்றன. அப்பா ஒப்பிடுவது அந்தக் காலத்தின் பொறுக்கி எடுத்த பத்தையும் இந்தக் காலத்தின் எல்லாவற்றையும்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்த வித்வானின் சாதாரணக் கச்சேரி ஒன்று, சபை பாதி காலியாக இருந்த நாளில் பதிந்தது, எங்கேயாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அவரோடு உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.